போனின் வாயில் ஊற்றிய எண்ணெய்

புதுக்கடை சந்திப்பில் செல்போன் பழுது பார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போனை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஷப்னாவின் கடையில் மட்டும் அது நடக்காது. வந்தவர் மேசைக்கு உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் திரை அவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வேலை முடியும்வரை போன் அவர் கண்முன்னே இருக்கும். நேரமில்லை என்பவர்களிடம், "நேரம் உள்ளப்ப வாங்க" என்று சொல்லிவிடுவாள்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் அவளுடைய தங்கை. தேங்காய்ப்பட்டணத்தில் அவர்கள் வீடு. தங்கை, உடைந்த டிஸ்பிளேயை மாற்ற ஒரு கடையில் போனைக் கொடுத்தாள். சாயங்காலம் போன் புதிதுபோலத் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில், ஒரு கல்யாண வீட்டில் தோழிகளோடு முடியை விரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டு அவள் எடுத்த படங்கள் ஊர்ப் பையன்களின் கையில் இருந்தன.

பெரியவர்கள் கூடினார்கள். படத்தை எதற்கு எடுத்தாள் என்று கேட்டார்கள். எடுத்ததை எதற்கு அழிக்காமல் வைத்திருந்தாள் என்று கேட்டார்கள். கடைக்காரனை யாரும் கூப்பிடவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டில் நகை களவு போனால் நகையை எதற்கு வாங்கினாய் என்று எந்த ஊரும் கேட்பதில்லை. களவு போனது பெண்ணின் முகமாக இருந்தால் மட்டும் எல்லா ஊரும், எல்லா மதமும் ஒரே குரலில் அதைத்தான் கேட்கின்றன. தங்கைக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. திருடன் கடையை அகலப்படுத்திக் கட்டினான்.

அந்தக் கோபத்தில்தான் ஷப்னா நாகர்கோவிலுக்குப் போய் செல்போன் ரிப்பேர் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு முழுக்கப் பையன்கள். முதல் நாளே ஒருவன், "தையல் கிளாஸ் மேல மாடியிலாக்கும்" என்றான்.

"உனக்க வாய தைக்கத்தான் இஞ்ச வந்தேன்" என்றாள் ஷப்னா.

கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தது வாப்பா சேக் முகம்மது. "ஊருல பேசுவாங்க மக்கா" என்று தயங்கினார். "இப்ப வாய மூடிட்டு இருக்காங்களாக்கும்" என்றாள்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனைக்குக் கட்டிய சேலையோடு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் ஜெபகனி, மகள் ஜெப்சி. இருவரும் ஒரே முந்திரிக்கொட்டை ஆலையில் வேலை பார்க்கிறவர்கள். அண்டியாபீஸ் என்று சொன்னால்தான் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியும். ஜெபகனி கல்யாணத்துக்கு முன்பே அங்கே கொட்டை உடைக்கப் போனவள். கொட்டையின் பால் பட்டுப்பட்டு அவளுடைய விரல் நுனிகளில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. ஜெப்சி பி.காம். முடித்துவிட்டு அதே ஆலையில் பருப்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத எப்படியாச்சும் தொறந்து தரணும்" என்று ஜெப்சி போனை நீட்டினாள். அண்ணன் எபிசன் துபாயில் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன். கம்பெனியின் சின்னம் மட்டும் திரையில் தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். அதற்குமேல் நகரவில்லை.

"உள்ள என்ன இருக்கு?"

ஜெப்சி தாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

ஆலையில் கொட்டையை ஆவியில் வேகவைக்கும் பெரிய டிரம் ஒன்று உண்டு. அதன் மூடியைப் பிடிக்கும் கொக்கி உடைந்துபோயிற்று. மாற்ற வேண்டும் என்று ராஜபாய் சொன்னாள். அந்த டிரம்மில் வேலை பார்த்தவள் அவள்தான், ஜெபகனியின் நெருங்கிய தோழி, கூட்டுக்காரி. சூப்பர்வைசர் ஆன்ட்ரூஸ் மாற்றவில்லை. கட்டுக்கம்பியை வைத்து இறுக்கிக் கட்டச் சொன்னான். ஜெப்சி அந்தப் பக்கமாகப் போனபோது அதைப் போனில் பிடித்து வைத்தாள். மறுநாளே கம்பி தெறித்தது. ராஜபாயின் முகமும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்துபோயின. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அன்று சாயங்காலத்துக்குள் டிரம்முக்குப் புதுக் கொக்கி வந்துவிட்டது. மூடி நன்றாகத்தான் இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. தொழிற்சாலை ஆய்வாளர் நாளைக் காலையில் விசாரணைக்கு வருகிறார். பழைய கொக்கி உடைந்திருந்தது என்பதற்கு அந்த வீடியோவைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது.

"யாருக்காச்சும் அனுப்பி வச்சிருக்கியா?"

"அனுப்பப் பாத்தேன். போன்ல எடமில்லன்னு நின்னுட்டு. அப்டேட் போட்டா செரியாவும்னு ஒருத்தி சொன்னா. போட்டதுல இப்படி ஆயிட்டு. ரெனிஷ் கடையில காட்டினேன். ரீஸ்டோர் போட்டா போதும், எல்லாம் அழிஞ்சு புதுசாயிரும்னாரு. வேண்டாம்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"புத்தியுள்ள பிள்ள" என்றாள் ஷப்னா. அவள் அதிகமாகப் புகழ்கிறவள் அல்ல.

அந்தவகைப் போன் இப்படி நின்றுவிட்டால் வழி ஒன்றுதான். கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, பக்கவாட்டுப் பொத்தான்களை ஒரு வரிசைப்படி அழுத்தி, மீட்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டால் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று ரீஸ்டோர். அது உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். மற்றது அப்டேட். அது இயங்குமுறையை மட்டும் புதிதாக ஏற்றும், படங்களும் வீடியோக்களும் பிழைத்துக்கொள்ளும். ஷப்னா இதை ஜெப்சிக்குச் சொல்லிவிட்டுக் கேபிளைச் செருகினாள்.

கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

கேபிளை மாற்றினாள். கம்பெனிக் கேபிளையே எடுத்துப் போட்டாள். முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கத்தில் செருகினாள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். வைரஸ் தடுப்பை அணைத்தாள். லேப்டாப்பை எடுத்து அதில் முயன்றாள். போனில் சார்ஜ் ஏறியது, ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூடப் போன் வந்திருப்பதாகச் சொல்லவில்லை. மின்சாரம் போகிற வழியில் தகவல் போகவில்லை. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது.

"வெள்ளத்துல போட்டியா?" என்று ஷப்னா கேட்டாள்.

"இல்லக்கா."

"தண்ணில விழாம இப்படி ஆவாது. உள்ளதச் சொல்லு. பொய் சொன்னா வேல பாக்க முடியாது."

"சத்தியமா இல்லக்கா."

"சத்தியம் எனக்கு எதுக்கு? நான் என்ன கோர்ட்டா? போன் தண்ணி குடிச்சிருக்கு, நீ மறைக்கிய."

ஜெப்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷப்னாவின் கோபத்தில் எப்போதும் ஒரு பிழை உண்டு. அது முதலில் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும். போனைக் கவிழ்த்து, உருப்பெருக்கியின் கீழே சார்ஜ் துளையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தன் தவறு தெரிந்தது. உள்ளே தண்ணீரின் தடம் இல்லை. பஞ்சும் தூசியும் குழைந்து, பளபளப்பான ஒரு பசை, நடுவில் இருந்த ஊசிகளை மூடிக்கிடந்தது. ஈர்க்குச்சியால் கொஞ்சம் தோண்டி எடுத்து மோந்து பார்த்தாள். வாசனைத் தைலம் கலந்த எண்ணெய்.

"இதுக்குள்ள எண்ண ஊத்தினது யாரு?"

ஜெப்சி விழித்தாள். ஜெபகனி மடியிலிருந்த பையை இறுகப் பிடித்தாள்.

"மாமி, உங்களத்தான் கேக்கேன்."

"ஊத்தல மக்ளே" என்றாள் ஜெபகனி. "காலையில எழும்பி ரெண்டு சொட்டு. அதுக்க வாயில. ஜெபம் பண்ணின எண்ணெயாக்கும். நேத்து ஜெபவீட்டுல போதகரு எல்லாத்தையும் கேட்டுட்டு, போனுக்க தலையில சிலுவ போட்டுத் தந்தாரு. மிச்ச எண்ணெயக் குப்பியோட வீட்டுக்குக் குடுத்து விட்டாரு. தொறக்காததெல்லாம் தொறக்கும்னாரு."

"தொறக்காததுக்கு எண்ண போடுறது கதவுக்கு மாமி. போனுக்கு இல்ல."

"அம்மா" என்றாள் ஜெப்சி.

"நீ ராத்திரியெல்லாம் அழுதுட்டுக் கெடந்தா நான் பின்ன என்னத்தச் செய்ய? நோக்காட்டுக்காரிக்கி மருந்து குடுக்காத மாதிரி வச்சிட்டு இருக்கவா? எனக்குத் தெரிஞ்சதத்தான் செய்தேன்." பிறகு ஷப்னாவைப் பார்த்து முகத்தைத் தூக்கினாள். "உங்க பக்கத்துல ஓதி ஊதின தண்ணி குடுக்க மாட்டாங்களாக்கும்."

"குடுப்பாங்க. அதையும் ஒருத்தி கொண்டுபோய்ப் போன்ல தெளிச்சிட்டு இந்த நாற்காலியிலதான் வந்து இருந்தா. அவளுக்கும் இதே ஏச்சுதான் கிட்டிச்சு."

ஜெபகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். ஷப்னா சிரிக்கவில்லை. அவளுக்கு இந்தத் தாயின்மேல் கோபமில்லை. மகள் அழுவதைப் பார்த்து, கையில் கிடைத்ததை எடுத்து ஊற்றிய தாய் அவள். வெந்துபோன ஒருத்தியின் நியாயம் அந்தப் போனுக்குள் கிடக்கிறது என்று தெரிந்தும், ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோ என்று சொல்லாமல் குப்பியை எடுத்துக் கொடுத்தானே போதகன், அவன்மேல்தான் கோபம். அந்த ஜெபவீட்டின் கூரைத் தகடு யார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். அண்டியாபீஸ் முதலாளி கொடுத்தது என்று ஜெபகனியே சொன்னாள். அதில் என்ன தவறு என்பதுபோலச் சொன்னாள். போதகர் சதி செய்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. கூரை கொடுத்தவனுக்கு எதிரான சாட்சியத்தை ஜெபத்துக்கு விட்டுவிடுவது, கூரையின் கீழே நிற்கிறவனுக்கு இயல்பாகவே வந்துவிடும். கடவுளின் பெயரால் ஏழையிடம் பொறுமையும் பணக்காரனிடம் தகரமும் வாங்குகிற இந்த ஏற்பாடு எந்த ஒரு மதத்துக்கும் தனிச் சொத்தல்ல.

சர்க்யூட் கழுவும் ஸ்பிரிட்டில் மெல்லிய பிரஷ்ஷைத் தோய்த்து, ஷப்னா துளையைக் கழுவினாள். ஈர்க்குச்சியால் பசையை நூல் நூலாக இழுத்தெடுத்தாள். அவசரப்பட்டு ஊசி ஒன்று வளைந்தால் அதோடு முடிந்தது. காய விட்டாள். மறுபடி கழுவினாள். மறுபடி காய விட்டாள். பிறகு கேபிளைச் செருகிப் பொத்தான்களை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ஜெப்சி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"படி. ரெண்டுல எது?" என்றாள் ஷப்னா.

"அப்டேட்."

"நீயே அழுத்து. நாளைக்கு நான் அழிச்சேன்னு யாரும் சொல்லப்பிடாது."

ஜெப்சி அழுத்தினாள். மென்பொருள் இணையத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் புதுக்கடை முழுக்க வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போல. கோடு நகர்ந்த வேகத்தில் நத்தை பந்தயம் ஜெயித்திருக்கும். கால் மணி நேரம் போனதும் போன் தானாகவே மீட்பு நிலையை விட்டு வெளியேறி, பழையபடி சின்னத்தைக் காட்டியது.

"போச்சா?" என்று ஜெபகனி எழுந்து நின்றாள்.

"இருங்க மாமி. அதுக்குப் பொறும இல்ல, அவ்வளவுதான். இறங்கி முடியட்டும், திரும்பவும் உள்ள கொண்டு வரலாம். கம்ப்யூட்டர் இப்ப அதத் தெரிஞ்சு வச்சிட்டு."

அப்போது ஜெபகனியின் சின்னப் போன் அடித்தது. அவள் பேசுகிற குரலே மாறிற்று. "சாரே… ஓ சாரே… இல்ல சாரே."

ஷப்னா கையை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். ஆன்ட்ரூஸின் குரல் கடைக்குள் வந்தது. "…பிள்ளைக்க போன் கேடாயிட்டுன்னு ரெனிஷ் சொன்னான். எதுக்கு அங்கயும் இங்கயும் அலையிய? அவன்ட்ட குடு. சும்மா செய்து தருவான். உள்ள உள்ள குப்பையெல்லாம் களஞ்சிட்டுப் புதுசாக்கித் தருவான். கேட்டியா ஜெபகனி? முப்பது வருசமா சோறு தின்ன எடம்லா. நாளைக்கு நீ வாயத் தொறக்க வேண்டிய தேவையே வராது."

ஜெபகனி பதில் சொல்வதற்குள் ஷப்னா அழைப்பைத் துண்டித்தாள்.

"ஏன் மக்ளே வச்ச? கோவப்படுவாரு."

"படட்டும். எனக்கும் கோவமாத்தான் இருக்கு. ரெனிஷ்ட்ட ஒரு பிள்ள நம்பிப் போனக் காட்டினா, அத அவன் சூப்பர்வைசர்ட்ட போய்ச் சொல்லுவானா? அவன் கடையா நடத்துகான், கங்காணி வேல பாக்குகான்." அவள் குரல் வாசல் தாண்டிப் போனது. பக்கத்துப் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டார். அவருக்கு இது பழக்கம்.

இறக்கம் முடிந்தது. மறுபடி பொத்தான்கள், மறுபடி கேபிள், மறுபடி அதே கேள்வி, அதே விடை. இந்த முறை போனின் திரையில் ஒரு வெள்ளைக் கோடு நீளத் தொடங்கியது. கோடு முடிந்ததும் போன் அணைந்தது. அணைந்தே இருந்தது. ஜெபகனி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ரகசிய எண் கேட்கும் திரை வந்தது.

ஜெப்சி எண்ணை அழுத்தினாள். படங்கள் எல்லாம் இருந்தன. வீடியோவும் இருந்தது.

ஷப்னா முதலில் அதை லேப்டாப்பிலும், ஒரு பென்டிரைவிலும் ஏற்றினாள். பிறகுதான் ஓட விட்டாள். டிரம் தெரிந்தது. உடைந்த கொக்கியும் அதைச் சுற்றி முறுக்கிய கட்டுக்கம்பியும் தெளிவாகத் தெரிந்தன. ராஜபாய் முக்காட்டை இழுத்துவிட்டபடி சொல்கிறாள்: "சாரே, இந்த மூடி நிக்காது. நான் தொறக்க மாட்டேன்." ஆன்ட்ரூஸ்: "கட்டியாச்சுல்லா. ஜோலியப் பாரு. லோடு நிக்கிது." ராஜபாய் அசையாமல் நிற்கிறாள். அப்போது திரைக்கு வெளியிலிருந்து இன்னொரு பெண்ணின் குரல் வருகிறது: "தொற ஏட்டி ராஜபாய். உன்னால எங்க எல்லாருக்க கூலியும் போவுது. பேடிச்சுப் பேடிச்சு நிக்கியா?" ராஜபாய் மூடியில் கை வைக்கிறாள். அன்று கம்பி தாங்கியது. வீடியோ அங்கே முடிகிறது.

அந்தக் குரல் ஜெபகனியுடையது.

ஷப்னா திரும்பிப் பார்த்தாள். ஜெபகனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் குப்பி இருந்த பை மடியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் ஜெப்சி. "எடுத்த அன்னைக்கே கேட்டேன். அதனாலதான் உனக்கிட்ட காட்டல." பிறகு ஷப்னாவிடம் திரும்பினாள். "அக்கா, அந்தக் கடேசிய மட்டும் வெட்டித் தர முடியுமா?"

ஷப்னாவுக்கு அது ஒரு நிமிட வேலை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"முடியும். வெட்டினா என்ன நடக்கும்னும் கேளு. இது வெட்டி ஒட்டின வீடியோன்னு ஆன்ட்ரூஸ் சொல்லுவான். அதுக்கப்புறம் கொக்கியும் பொய், கம்பியும் பொய். ராஜபாய்க்கு ஒண்ணும் கிட்டாது."

"அம்மாவ மாட்டி விடுவான்."

"விடுவான்" என்றாள் ஷப்னா. பொய் ஆறுதல் அவளுக்கு வராது.

அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது இதுதான். கொக்கிக்குப் பதில் கம்பி கட்டியவன் ஒருவன். ஆனால் அவன் ஒரு தடவைதான் சொன்னான். மீதியை அந்தக் கூலிப் பெண்ணின் கூட்டுக்காரியைக் கொண்டே சொல்ல வைத்தான். ஒருத்தி நின்றால் எல்லாருடைய கூலியும் நிற்கும் என்று ஒரு விதியைச் செய்து வைத்துவிட்டால் போதும், சவுக்கை அவன் கையில் எடுக்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் நிற்கிறவளே எடுப்பாள். எடுத்தவள் பிறகு ஆயுள் முழுக்க அந்தக் கையைப் பார்த்து அழுவாள். அவன் புதுக் கொக்கி வாங்கி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான்.

ஜெபகனி தரையில் கிடந்த பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவள ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். முகத்துல துணி சுத்தி வச்சிருக்கு. பேச முடியல்ல. எனக்க கையத் தொட்டுட்டே இருந்தா. நான் சொன்னது அவளுக்கு மறந்துட்டுன்னு நெனச்சேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "வெட்டாண்டாம் மக்ளே."

"அம்மா, யோசிச்சுச் சொல்லு. எனக்கு வேற வேல கிட்டும். உனக்கு…"

"யோசிச்சாச்சு ஏட்டி. வெட்டாண்டாம்."

மறுநாள் ஷப்னா கடையைத் திறக்கவில்லை. வீடியோவை அந்தப் போனிலிருந்தே ஆய்வாளருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, போன் மறுபடி நின்றுவிட்டால் இருக்கட்டும் என்று லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு ஆலைக்குப் போனாள். வாசலில் காவலாளி இது யார் என்று கேட்டான். "மெக்கானிக்" என்றாள். "இங்க எந்த மெஷின் கேடு?" என்றான். "எல்லாம்" என்றாள்.

ஆலை அலுவலகத்தில் ஆய்வாளர் வீடியோவை முழுவதும் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார். எதிரே ஆன்ட்ரூஸ் வியர்த்துக்கொண்டு நின்றான். கடைசிக் குரலைக் கேட்டதும் வெள்ளத்தில் போகிறவன் கொடியைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டீங்கல்லா சாரே. நான் ஜோலியப் பாருன்னுதான் சொன்னேன். தொறக்கச் சொன்னது வேற ஆளு. கூட வேல பாக்கியவ."

"யாருடைய குரல் இது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

ஜெப்சி வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்றிருந்த ஜெபகனி முன்னால் வந்தாள்.

"எனக்க கொரலு சாரே. தொற ஏட்டின்னு நான்தான் சொன்னேன். எனக்க பேரு ஜெபகனி. கம்பி கட்டினது யாருன்னும் அதுலயே கெடக்கு. லோடு நிக்கிதுன்னு சொன்னது யாருன்னும் கெடக்கு. எனக்கது ஒண்ணும் விடாம எழுதுங்க. அவருக்கதையும் ஒண்ணும் விடாம எழுதுங்க."

ஆய்வாளர் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனபோது, ஆன்ட்ரூஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"தாயும் மகளும் நாளையில இருந்து இந்த வாசல மிதிக்காண்டாம்."

ஜெபகனி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதையும் எழுதுங்க சாரே" என்றாள்.